காட்பாடி மொட்டைமாடியில் பனிநாட்டுப் பறவைத் தீனிக்குழாய்: 5க்கு 3

மிச்சிகனில் இருக்கும் அக்கா மகள் டிசம்பரில் ஒரு வீடியோ அனுப்பினாள். தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி, நடுவில் தொங்கும் தீனிக்குழாயில் செக்கச்செவேலென்று ஒரு கார்டினல் பறவை உட்கார்ந்து சூரியகாந்தி விதையை உடைக்கிறது, சிந்தியதைக் கீழே ஜுன்கோ என்கிற சாம்பல் நிறச் சின்னப் பறவைகள் பொறுக்குகின்றன. கார்டினல் குளிர்காலத்திலும் ஊரை விட்டுப் போகாது. தரையைப் பனி மூடிவிட்டால் தீனி வைக்கிற வீடுகளைத் தேடி வரும். அந்த ஆசையில் நானும் ஆன்லைனில் 449 ரூபாய்க்கு அதே மாதிரி ஒன்று வாங்கி மாடித் துணிக்கொடியில் மாட்டினேன். "அங்க எங்க சித்தி ஸ்னோ பெய்யுது?" என்று சிரித்தாள்.

முதல் நாளே அசடு வழிந்தேன். வீட்டில் ஜவ்வாது மலைச் சாமை இருக்கிறதே என்று அதைக் கொட்ட, துளைகளோ சூரியகாந்தி விதை அளவுக்குப் போட்டவை, சாமை மணல் மாதிரி பொலபொலவென்று இறங்கிவிட்டது. புறாக்களுக்குக் கல்யாணச் சாப்பாடு! அப்புறம் சூரியகாந்தி விதையோடு கம்பு கலந்து போட்டேன், சிந்துவது குறைந்தது. ஒன்பது நாள் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் கழுத்தில் கறுப்புப் பட்டையோடு ஓர் ஆண் சிட்டுக்குருவி வந்து, ஒரு கம்பை எடுத்து அலகுக்குள்ளேயே உருட்டி, உமியை மட்டும் துப்பியது. குழாய் கண்ணாடி மாதிரி இருப்பதால் தீனி எவ்வளவு மிச்சம் என்று சமையலறை ஜன்னலிலிருந்தே தெரிகிறது, அது நல்ல வசதி.

குறை என்னவென்றால், அடியில் தண்ணீர் வடிய ஒரு துளைகூட இல்லை. மார்கழிப் பனிக்கே உள்ளே ஈரம் கோத்து, மூன்று விரற்கடை தானியம் புட்டு மாதிரி கட்டிப் புளித்த வாடை அடித்தது. பூஞ்சை பிடித்த தீனியைத் தின்றால் பறவைக்கு நோய். கோணி ஊசியைக் காய்ச்சி நானே நான்கு துளை போட்டேன், துளை போட்டுவிட்டீர்களே, இனி மாற்றித் தர மாட்டோம் என்றார்கள் விற்றவர்கள். சரி, போகட்டும். வாரம் ஒரு தடவை கழுவி வெயிலில் காயவைக்கிறேன், வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்.

அணிலைத் தடுக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதே, அதை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டு அணில் கம்பி வழியாக இறங்கி, தலைகீழாகத் தொங்கியபடியே சாப்பிடுகிறது.