ஆயாவா, டே கேரா, ஊரிலிருந்து அம்மாவா: வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கணக்கு

2023 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதிக்கு வந்து இறங்கியபோது மகளுக்கு ஒன்றேகால் வயது. கணவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கம்பெனியில் வேலை. எனக்குச் சென்னை ஆடிட்டர் ஆபீஸ் வேலைதான், வீட்டிலிருந்தே. 'வீட்டில்தானே இருக்கிறாய், குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாமே' என்று கேட்பவர்கள் ஒருநாள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. கணக்கை ஒத்துப்பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

மூன்று வழிகளையும் பார்த்தாகிவிட்டது. முதலில் ஏழு மாதம் வீட்டோடு ஆயா. பிறகு ஒரு மாதம் ஊரிலிருந்து வந்த அம்மா. 2024 மே கடைசியிலிருந்து டே கேர். இப்போது மகளுக்கு மூன்றரை வயது. நான் டே கேர் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குக் காரணம் பலரும் நினைப்பதுபோலக் காசு இல்லை.

காசு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இங்கே எந்தத் தொகையைக் கேட்டாலும் முதலில் மயக்கம் வரும், பிறகு அந்த இலங்கை ரூபாயை மூன்றரையால் வகுத்து நம் ரூபாயாக்கினால் தெளியும். ஆயா சம்பளம் அறுபதாயிரம் என்று போனில் சொன்னபோது அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நம் ஊர்க் காசில் அது பதினேழாயிரம் சொச்சம். டே கேருக்கு நாங்கள் கட்டுவது மதியச் சாப்பாட்டோடு இலங்கைக் காசில் மாதம் முப்பத்தெட்டாயிரம். எங்கள் லேனிலேயே இதைவிடப் பத்தாயிரம் குறைவாகவும் இடம் உண்டு, கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனால் இரண்டு மடங்குக்கும் உண்டு.

ஆனால் ஆயா செலவு சம்பளத்தோடு நிற்பதில்லை. ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்சிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தோம். ஆயா தங்க ஓர் அறை வேண்டும். கொழும்பின் பெரிய ஃபிளாட்டுகளில் சமையலறைக்குப் பின்னால் அதற்கென்றே சின்ன அறையும் குளியலறையும் இருக்கும், அந்த மாதிரி வீட்டுக்கு வாடகையும் பெரிசு. எங்களுடைய இரண்டு அறை வீட்டில் அது இல்லாததால் கணவரின் மேசையும் என் மேசையும் ஹாலுக்கு வந்தன. மூன்று வேளையும் கூட ஒருவருக்குச் சமைக்கும்போது கேஸ் முன்னாடியே தீரும். இங்கே சிலிண்டர் 12.5 கிலோதான், நம் ஊர் 14.2 கிலோ கணக்கை வைத்துக்கொண்டு ஏமாறக் கூடாது. கரண்ட் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், அதிலும் முதல் நூறு யூனிட் இலவசம். இங்கே மாதா மாதம் பில். 180 யூனிட்டைத் தாண்டிவிட்டால் யூனிட் விலையும் நிலைக்கட்டணமும் சேர்ந்து ஏறும். குழந்தையும் ஆயாவும் பகல் முழுக்க வீட்டில் இருந்த மாதங்களில் ஏ.சி. ஓடி ஓடி நாங்கள் 180-ஐத் தாண்டாத மாதமே இல்லை. டே கேருக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு பெரும்பாலும் அதற்குள்ளேயே நிற்கிறது. 2024 ஜனவரியில் வாட் வரி 15-லிருந்து 18 சதவீதம் ஆனதும் கடையில் எல்லாமே கொஞ்சம் நகர்ந்தது, பம்பர்ஸ் (டயப்பர்) உட்பட. அது எந்த வழியில் போனாலும் உள்ள செலவு.

சரி, இதெல்லாம் கூட்டிக் கழித்தால் டே கேர் மலிவு. ஆனால் ஆயா சம்பளம் பாதியாகவே இருந்தாலும் நான் டே கேருக்குத்தான் போவேன். காரணம், மூடும் நாட்கள்.

குழந்தை வளர்ப்புக்கு ஆள் தேடும்போது எல்லோரும் 'நல்லா பாத்துப்பாங்களா' என்றுதான் கேட்கிறோம். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது வேறு: நீங்கள் இல்லாத நாளில் யார்?

இலங்கைக்கு வருபவர்கள் முதலில் ஒரு போயா காலண்டர் வாங்கி மாட்ட வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமியும் நாடு முழுக்க லீவு, வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. வெசாக்குக்கு மறுநாளும் லீவு. பொங்கல், சிவராத்திரி, சுதந்திர தினம், ஏப்ரலில் புத்தாண்டுக்கு இரண்டு நாள், பெரிய வெள்ளி, மே தினம், நோன்புப் பெருநாள், ஹஜ், மீலாத், தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் சேர்ந்தால் இருபத்தைந்து தொடும். நாலு மதத்துக்கும் லீவு விடும் நாடு, சந்தோஷம்தான். ஆனால் என் ஆபீஸ் சென்னைக் காலண்டரில் ஓடுகிறது. ஜி.எஸ்.டி.யின் மாதாந்திர 3பி படிவத்துக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி. பௌர்ணமி 19-இல் வந்தால் எனக்கு அது நிலாவாகவே தெரியாது. கணவர் இருப்பாரே என்றால், கப்பலுக்குப் போயா கிடையாது.

ஒரு நோட்டு போட்டு எழுதியிருக்கிறேன். டே கேரின் முதல் பன்னிரண்டு மாதத்தில், சனி ஞாயிறில் விழுந்ததையும் எனக்கும் லீவாக இருந்த நாட்களையும் கழித்தால், இலங்கை லீவால் மட்டும் நான் மாட்டிக்கொண்டது பதின்மூன்று நாள். ஏப்ரலில் அவர்கள் கூடுதலாக மூடிய நான்கு நாள், டிசம்பர் கடைசியில் நான்கு. மொத்தம் இருபத்தொன்று. அதிகம்தான். ஆனால் அந்த இருபத்தொன்றும் சேரும்போதே கையில் கொடுத்த தாளில் இருந்தது.

ஆயா இருந்த ஏழு மாதத்தில் மொத்தமே பத்தொன்பது நாள்தான் வரவில்லை. அதில் பதினொன்று ஒரே மூட்டையாக வந்தது.

மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். முப்பது வயது இருக்கும், ஊரில் அவருக்கே இரண்டு பிள்ளைகள். அவர் பேசும் தமிழ் எங்கள் ஊர்த் தமிழுக்குப் பக்கத்தில் இருந்ததால் குழந்தை இரண்டாம் நாளே ஒட்டிக்கொண்டது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோற்றைக் குழைத்து நெய் விட்டு, ஜன்னல் கம்பியோரம் உட்கார வைத்து, கடற்கரை ரயில் போகும்போது ஒரு வாய், வரும்போது ஒரு வாய் என்று ஊட்டுவார். மரைன் டிரைவ் பக்கம் ரயில் சத்தம் கேட்டால் மகள் இன்றைக்கும் வாயைத் திறக்கிறாள்.

2024 ஏப்ரல் புத்தாண்டுக்கு ஐந்து நாள் லீவு கேட்டுப் போனார். புத்தாண்டுக்குக் கொழும்பே காலியாகும், 'காலி வீதி' என்ற பிரதான சாலையிலேயே நடு ரோட்டில் நின்று போட்டோ எடுக்கலாம், அதனால் அந்த ஐந்து நாளை எதிர்பார்த்தே இருந்தோம். ஆறாம் நாள் காலை அவர் வரவில்லை. போன் ஆஃப். ஏழாம் நாளும் ஆஃப். ஏஜென்சிக்காரர் 'மூணு மாச கேரண்டி முடிஞ்சிட்டுதே' என்றார். அன்று தேதி 19. வீடியோ மீட்டிங்கில் மகள் என் லேப்டாப்பின் மேல் பால் கிளாஸைச் சாய்த்தாள். எட்டு, ஒன்பது, பத்து என்று போய்ப் பதினோராம் நாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து அவரே கூப்பிட்டார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ஊர்ல என் புள்ளைகள பாத்துக்கிட்டு இருந்தது எங்கம்மாதான். அவுங்க மலை இறக்கத்துல விழுந்துட்டாங்க. இனி நான் வரமுடியாது."

என்ன சொல்ல முடியும்? மீதிச் சம்பளத்தை அனுப்பினோம். அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் ஒரே ஆளை நம்பிய ஏற்பாடு எப்படி ஒரே நாளில் சரியும் என்பது அப்போதுதான் புரிந்தது. டே கேரில் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் எனக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அந்த நெருக்கடியில்தான் அம்மா வந்தார். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் விமானம், அம்மா வந்தபோது இந்தியர்களுக்கு 30 நாள் விசா இலவசம். பாட்டியைவிட நல்ல ஏற்பாடு எதுவும் கிடையாது, இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில், மற்ற நாளில் மார்க்கெட்டில் கீரைக்காரியோடு பேரம் என்று அம்மாவுக்கும் பொழுது போனது. ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, முட்டி வலி. திருச்சியில் அப்பா தனியாக ஓட்டல் சாப்பாடு. விசாவை நீட்டிக்க வேண்டுமென்றால் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். முப்பதாம் நாள் அம்மா கிளம்பிவிட்டார். அவசரத்துக்கு அம்மா, நிரந்தரத்துக்கு அம்மா இல்லை.

டே கேர் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. பழைய வீட்டின் கீழ்த்தளம், பின்னால் ஒரு மாமரம், பகல் தூக்கத்துக்குத் தரையில் வரிசையாக மெத்தை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கொசுவலை. பொம்மை, பெயின்ட் எல்லாவற்றையும் விட அந்தக் கொசுவலையைப் பார்த்துத்தான் சேர்த்தேன். கொழும்பில் மழைக்காலம் என்றால் டெங்கு பயம். காலை ஏழரை முதல் மாலை ஐந்தரை வரை, சனிக்கிழமை மதியம் வரை. ஐந்தரைக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் தனிக் காசு. முதல் வாரம் வாசலில் அழுதாள், நானும் லேன் முனையில் நின்று அழுதேன். மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் வந்து 'வத்துர' என்றாள். சிங்களத்தில் தண்ணீர். எனக்கே அதுவரை தெரியாத சொல். இப்போது அவளுக்கு மூன்று தமிழ் தெரியும்: என்னிடம் 'பேசு', டே கேர் அக்காவிடம் 'கதையுங்கோ', பாட்டியிடம் இரண்டையும் கலந்து ஒன்று.

மூன்று வயதானதும் மொண்டிசோரி பாலர் பள்ளியில் சேர்த்தோம். அது மதியத்துக்குள் முடிந்துவிடும், அங்கேயிருந்து கூட்டிவருவதும் டே கேர் ஆட்களே. ஆயா இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்கும், உண்மைதான்.

அப்புறம் காய்ச்சல். டே கேரின் பலவீனம் இதுதான். உடம்பு கொஞ்சம் சுட்டாலும் பத்து மணிக்குள் போன் வரும், 'வந்து கூட்டிக்கொண்டு போங்கோ'. அது சரியான விதிதான், இன்னொரு குழந்தையின் காய்ச்சலைத்தான் நம் குழந்தையும் வாங்கி வருகிறது. முதல் வருடத்தில் இப்படி வீட்டில் இருந்த நாள் இருபத்திரண்டு. சளி, வயிற்றுப்போக்கு, கை-கால்-வாய் நோய், மூன்றாம் நாளும் விடாத ஒரு காய்ச்சலுக்கு டெங்குவா என்று ரத்தப் பரிசோதனை. ஆயா இருந்த ஏழு மாதத்தில் இரண்டே தடவை சளி. லீவு இருபத்தொன்றையும் சேர்த்தால் வருடத்தில் நாற்பத்து மூன்று நாள். இங்கேயே கணக்கை நிறுத்தினால் டே கேர் தோற்றுவிடும்.

நிறுத்தாததற்குக் காரணம் இரண்டாவது மாடி ஆன்ட்டி. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். ஒரு காய்ச்சல் நாளில் நான் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மகளைத் தூக்கிப் படியேறுவதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"என்ன பிள்ளை, இப்பிடி ஓடித் திரியிறீங்கள்? என்னட்ட விட்டிட்டு உங்கட வேலையைப் பாருங்கோ."

காசு வேண்டாம் என்றார். காசு வாங்காவிட்டால் இரண்டாம் முறை கொண்டுவர மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, தாறதைத் தாங்கோ" என்றார். நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மாதத்தில் மூன்று நான்கு நாள் வரும், டே கேர் காசோடு சேர்த்தால் ஐம்பதாயிரத்தை எட்டாது. போயா அன்று அவர் சைவம், முருங்கைக்காய்ச் சொதி, மகளுக்கு அதுதான் பெருநாள்.

ஆக, நான் பரிந்துரைப்பது தனி டே கேரை அல்ல. டே கேரும் அதே கட்டடத்தில் ஒரு ஆன்ட்டியும். வீடு பார்க்கப் போகும்போது லிஃப்ட், தண்ணீர், முற்பணம் எத்தனை மாதம் என்று விசாரிப்பதோடு, கீழே மேலே யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வெள்ளவத்தையில் வாடகை பக்கத்துத் தெஹிவளையைவிட அதிகம் என்பது தெரிந்துதான் இங்கே இருக்கிறோம். தமிழில் பேசி உதவி கேட்கக்கூடிய ஒரு கதவு பக்கத்தில் இருப்பதற்கு அந்த வித்தியாசத்தைக் கொடுப்பதாக நினைத்துக்கொள்வேன்.

ஒரு வயதுக்குக் கீழே உள்ள கைக்குழந்தை என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம், அந்த அனுபவம் எனக்கு இங்கே இல்லை. ஆயாவே மேல் என்று இரண்டு தோழிகள் சொல்கிறார்கள். இரண்டு குழந்தைகள் இருந்தாலும் கணக்கு மாறும். டே கேரில் தலைக்குத் தலை காசு, ஆயாவுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடுமே தவிர இரட்டிப்பாகாது. இரவு ஷிப்ட் வேலை என்றால் ஐந்தரைக்கு மூடும் இடத்தால் பயனில்லை. ஆயா வைப்பதாக இருந்தால் ஒன்று மட்டும்: ஏஜென்சி முதலில் எங்களுக்குக் காட்டிய பெண்ணுக்குப் பதினாறு வயதுகூட இருக்காது போலிருந்தது, அடையாள அட்டையைக் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். அட்டையைக் கேளுங்கள். அதோடு, அவருடைய பிள்ளைகளை ஊரில் யார் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஆன்ட்டியின் மருமகளுக்கு ஜனவரியில் பேறுகாலம், மூன்று மாதம் கனடா போகிறார். அந்தக் குளிரில் ஏன் ஆன்ட்டி என்றால், "பிள்ளை குளிர் பாத்தே பிறக்குது?" என்கிறார். காலண்டரில் அந்த மூன்று மாதத்துப் போயாக்களைச் சிவப்பில் வட்டமிட்டு அம்மாவுக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் முட்டிக்கு இப்போது எண்ணெய் தேய்க்கிறார்களாம். வந்தால், இந்த முறை நீட்டிப்புக்குப் பத்தரமுல்லைக்கு நானே கூட்டிப்போக வேண்டும். அதையும் ஏதாவது சென்னை லீவு நாளாகப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.