ஓட்டுகிற பைக்கா, டிராக்குக்கென்றே தனி பைக்கா?

சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் ஓட்ட ஆசையா? தினமும் ஓட்டுகிற பைக்கையே தயார் செய்யலாம், இல்லையென்றால் பழைய பைக் ஒன்றை வாங்கி டிராக்குக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

முதல் வழியில் செலவு குறைவு. கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல் டேப் ஒட்டினால் விழுந்தாலும் சில்லு சிதறாது. செயின் தொய்வு, டயர், பிரேக் பேட் எல்லாம் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பிரேக் ஆயிலை மட்டும் தயவுசெய்து மாற்றிவிட்டுப் போங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அது 155 டிகிரிக்கே கொதிக்கலாம். நேர்ப்பாதை முடிவில் சுற்றுக்குச் சுற்று பலமாகப் பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவிக் குமிழி உண்டானால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது.

தனி பைக்கில் இன்னும் ஆழமாகப் போகலாம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டை இறக்கிவிட்டு வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த கூலன்ட் தரையில் சிந்தினால் வழுக்கும், சீக்கிரம் காயாது, பின்னால் வருபவர்தான் விழுவார். ஆயில் டிரெயின் போல்ட்டில் துளையிட்டுக் கம்பி கட்டிவிட்டால் அதிர்வில் கழன்றுவராது. தினசரி வண்டியிலும் இதெல்லாம் முடியும்தான். ஆனால் வெறும் தண்ணீரோடு மாதக்கணக்கில் ஓட்டினால் உள்ளே துரு பிடிக்கும்.

அப்புறம் இன்சூரன்ஸ். பந்தயம், வேகச் சோதனைக்குப் பயன்படுத்தினால் நம் ஊர் பாலிசிகள் பணம் தராது. முதல் முறைக்கு உங்கள் பைக்கே போதும் என்பேன். கடன் தவணை ஓடுகிற வண்டி என்றால் தனி பைக் வாங்கும்வரை காத்திருங்கள்.