பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு: கோவையில் சைக்காலஜிஸ்ட் தேடிய அனுபவம்

மகன் பிறந்து இரண்டாவது மாதத்திலும் எனக்கு அழுகை நிற்கவில்லை, அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது, தனியாக அவனைத் தூக்கவே பயம். "பச்சை உடம்பு கண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. பிரசவமான முதல் சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதையும் தாண்டிப் போனால் யாரிடமாவது காட்டத்தான் வேண்டும்.

முதலில் கூப்பிட்டது 14416, அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நடுராத்திரி பால் கொடுத்து முடித்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்தவர் அவசரப்படுத்தாமல் கேட்டுவிட்டு, "உங்களை நீங்களே ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டார். அதுவரை வீட்டில் யாருமே கேட்காத கேள்வி அது. அந்த ராத்திரிக்கு அது போதுமாக இருந்தது, ஆனால் வாராவாரம் உட்கார்ந்து பேச நேரில் ஒருவர் வேண்டும்.

அப்புறம் ஒரு ஆப்பில் புக் செய்தேன். அந்த கவுன்சிலர் "குழந்தை முகத்தைப் பாருங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். குழந்தை முகத்தைப் பார்த்தும் ஒன்றுமே தோன்றவில்லை என்பதைச் சொல்லத்தான் நான் போனதே. படிப்பைக் கேட்டால் ஏதோ ஆன்லைன் சர்டிபிகேட். கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம், ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேட்பதில் தப்பே இல்லை. மாத்திரை எழுத சைக்காலஜிஸ்ட்டால் முடியாது, அதற்கு சைக்கியாட்ரிஸ்ட் (மனநல மருத்துவர்) போன்ற டாக்டரிடம்தான் போகவேண்டும்.

கடைசியில் என் மகப்பேறு டாக்டர் சொல்லி அனுப்பிய சைக்காலஜிஸ்ட்தான் சரியாக அமைந்தார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாளைத் தமிழில் கொடுத்தார், கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று பத்துக் கேள்வி. நான் எழுதிக் கொடுத்ததும் மொத்த மார்க்கைக் கூட்டாமல் நேராகப் பத்தாவது கேள்விக்குப் போனார். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது அது, அதை முதலில் பேசி முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். தைராய்டு, ரத்தசோகைக்கு டெஸ்ட் எடுக்கவும் அனுப்பினார், ஏனென்றால் அவற்றாலும் இதே சோர்வு வரலாம். பிள்ளை அழுதபோது "இங்கேயே பால் குடுங்க, பேசிட்டே இருப்போம்" என்றார். என் கணவரை ஒருநாள் வரச்சொல்லி, ராத்திரியில் ஒரு வேளைப் பாலை அவர் கொடுக்கவேண்டும், நான் தொடர்ந்து நாலைந்து மணி நேரமாவது தூங்கவேண்டும் என்று கறாராகச் சொன்னார். எனக்கு முதலில் தெம்பு வந்தது அந்தத் தூக்கத்தில்தான்.

பேச்சு மட்டும் போதாது என்று சைக்கியாட்ரிஸ்ட்டிடமும் அனுப்பினார். பால் கொடுக்கிறேனே என்ற பயம் எனக்கு. அவர் எழுதிய செர்ட்ரலைன் என்ற மனச்சோர்வு மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் சேரும் என்று அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். பலன் தெரிய சில வாரம் ஆனது.

குறைகளும் உண்டு. கிளினிக் மாடியில், லிஃப்ட் இல்லை, சிசேரியன் ஆனவர்களுக்குக் கஷ்டம். மாலையில் நேரம் கிடைப்பது அபூர்வம். ஒரு அமர்வுக்கு 1,200 ரூபாய், எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், புற நோயாளியாகவே பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பிரசவமானவர் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினால், யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றால், குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால், சைக்காலஜிஸ்ட் தேட நேரமில்லை, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது, பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே அட்மிட் செய்யும் பிரிவும் இருக்கிறது.