எக்ஸ்எல், எக்ஸ்எல்டி, லேரியட்: எஃப்-150 பிக்கப்பில் எந்த டிரிம்?

ஃபோர்டு எஃப்-150 வாங்குவதென்று முடிவு செய்தவருக்கு, எந்த டிரிம், அதாவது ஒரே வண்டியில் வசதிகளைப் பொறுத்து மாறும் எந்த வகை, என்ற அடுத்த கேள்விதான் பெரிய தலைவலி. எக்ஸ்எல்லில் தொடங்கி எக்ஸ்எல்டி, லேரியட், கிங் ரான்ச், பிளாட்டினம் என்று பட்டியல் நீண்டாலும், வேலைக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே வண்டி தேடுபவர் முதல் மூன்றை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

எக்ஸ்எல் உழைப்பாளியின் வண்டி. வினைல் தரை என்பதால் சேற்றுக் காலோடு ஏறி இறங்கினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எக்ஸ்எல்டியில் துணி இருக்கையும் கார்ப்பெட்டும் வருகின்றன. லேரியட்டில் லெதர் இருக்கையோடு வசதிகள் பெருகுகின்றன. விற்பனையாளர் பெரும்பாலும் இந்த வேறுபாடுகளைத்தான் விளக்குவார். எடையைப் பற்றி அவராகப் பேசுவது அரிது.

ஆளும் பாரமும் சேர்த்து வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து அதன் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே சுமைத்திறன். கண்ணாடிக் கூரை, மின்மோட்டார் இருக்கை, 20 அங்குல ரிம் என்று சேர்க்கச் சேர்க்க வண்டியின் எடை கூடி, அதே அளவுக்குச் சுமைத்திறன் குறைகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காட்டும் சுமைத்திறன், பொதுவாக ஒற்றை வரிசை இருக்கையும் இருசக்கர இயக்கமும் கொண்ட எளிய வண்டிக்கு உரியது. நம் வண்டிக்கான எண், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் மஞ்சள் பட்டையிட்ட வெள்ளை லேபிளில் இருக்கிறது. அதில் 1,500 பவுண்டு என்று இருப்பதாகக் கொள்வோம். தலா 170 பவுண்டு எடையுள்ள நான்கு பேர் ஏறினால் 680 போய்விடும். 6,000 பவுண்டு டிரெய்லரைப் பூட்டினால், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் வழியாக வண்டியின் மேல் இறங்கும். 12 சதவீதம் என்றாலே 720. ஆக மீதம் 100 பவுண்டுதான்; ஒரு கருவிப்பெட்டியையும் குளிர்பெட்டியையும் வைத்தால் அதுவும் தீர்ந்துவிடும். இழுவைத்திறன் தாராளமாக இருந்தும் சுமைத்திறனில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஆகவே, பின்னால் மாற்ற முடிந்தவற்றுக்காக மேல் டிரிமுக்குப் போவது வீண். லெதர் உறை, தரைவிரிப்பு, டயர், ஏன், டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியைக்கூடப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். பின்பக்கச் சரக்குத் தொட்டி ஐந்தரை அடியா, ஆறரை அடியா, எட்டடியா என்பதைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியாது. ஆக்சில் விகிதத்தை, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற அதை இயக்கும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்ணை, மாற்றலாம்தான், ஆனால் செலவு கையைக் கடிக்கும். 3.31 எரிபொருளை மிச்சப்படுத்தும், 3.73 பாரத்தை எளிதாக இழுக்கும். டிரெய்லர் எப்போதாவதுதான் என்றால் நடுவிலுள்ள 3.55 போதும். பெரிய ரிம்மில் டயரின் பக்கச்சுவர் குட்டையாகிவிடுவதால், கரடுமுரடான பாதையில் அது அழகுக்கு மட்டுமே உதவும்.

கட்டுமானத் தளத்துக்குத் தினமும் போகும் வண்டிக்கு எக்ஸ்எல்லே தகும். நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓட்டுபவர், பாரம் அதிகம் ஏற்றாதவர் லேரியட்டைத் தயங்காமல் எடுக்கலாம். முதுகுக்குச் சுகமான இருக்கையை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கு, டிரெய்லர் இழுப்பதற்கான கருவிகள் அடங்கிய இழுவைத் தொகுப்பைச் சேர்த்து வாங்கிய எக்ஸ்எல்டியே என் தேர்வு. ஒரே டிரிமில் உள்ள இரண்டு வண்டிகளுக்குக்கூட லேபிள் எண் வேறுபடும் என்பதால், கையெழுத்திடுமுன் எடுக்கப்போகும் வண்டியின் கதவையே திறந்து பார்த்துவிட வேண்டும்.