மீட்டர் கேபிள் கீச்சிடுகிறதா? கிரீஸா, ஆயிலா, ஸ்ப்ரேயா?

முப்பது கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் ஹேண்டில்பார் நடுவிலிருந்து மூஞ்சூறு கத்துவதுபோல ஒரு சத்தம். நாற்பதில் அது விசிலாக மாறும், கூடவே ஸ்பீடோமீட்டர் முள்ளும் நடுங்கத் தொடங்கும். பழைய ஸ்ப்ளெண்டரோ ஆர்எக்ஸ் 100-ஓ, கேபிளில் ஓடும் மீட்டர் உள்ள வண்டியை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம்தான். (சென்சார் வைத்த டிஜிட்டல் மீட்டர்காரர்களுக்கு இதில் வேலை இல்லை.) எதை விட்டால் அடங்கும் என்று கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். எல்லாவற்றையும் என் வண்டியிலேயே செய்து பார்த்துவிட்டேன். அதில் ஒரு மீட்டரையும் காவு கொடுத்தேன்.

எதை விடுவது என்பதற்கு முன்னால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். முன்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் ஒரு சின்ன கியர் இருக்கிறது. அது கேபிளின் உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பியைச் சுற்றுகிறது. கம்பியின் மேல்முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை மூடியபடி, ஆனால் அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்தது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் பிறக்கும் சுழல் மின்னோட்டம் அதைக் கூடவே இழுக்கும், ஒரு மெல்லிய சுருள்வில் பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். 1902-ல் பெர்லினில் ஓட்டோ ஷூல்ட்ஸே காப்புரிமை வாங்கிய ஏற்பாடுதான், அடிப்படை இன்னும் மாறவில்லை. ஜப்பானிய வகை மீட்டர்களில் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு 1400 சுற்று சுற்றும். தினம் 20 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வந்தால் 28,000 சுற்று. எண்ணெய்ப் பசை இல்லாமல் இவ்வளவு சுற்றினால் அது கத்தாமல் என்ன செய்யும்?

கேபிளின் மேல் நட்டைக் கழற்றி, முனையை எதிலும் உரசாதபடி கட்டிவிட்டு, மெதுவாக ஒரு தெரு சுற்றி வாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு பெரும்பாலும் மீட்டரின் கழுத்தில், சுற்றும் தண்டைத் தாங்கும் சின்னக் குழலான புஷ்ஷில். நிற்கவில்லை என்றால் கேபிள், இல்லாவிட்டால் கீழே ஹப் கியர். கரகரவென்று அரைக்கும் சத்தம் சக்கரத்திலிருந்தே வந்தால் கியரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது போட்டியாளர்கள்.

டபிள்யூடி-40 ஸ்ப்ரேதான் எல்லோர் கையிலும் முதலில் ஏறுவது. சத்தம் அன்றைக்கே நிற்கும், அதனால்தான் அதற்கு இவ்வளவு பேர். பெயரில் உள்ள எழுத்துகளே ‘நீரை விரட்டுவது’ என்பதன் சுருக்கம்தான், 40 என்பது நாற்பதாவது முயற்சி. 1953-ல் அமெரிக்காவில் ராக்கெட் சாமான்கள் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தார்கள். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான், மிஞ்சுவது மெல்லிய படலம். அது கம்பியில் மிச்சமிருந்த பழைய கிரீஸையும் கரைத்துக் கீழே இறக்கிவிடும். எனக்கு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. கேபிளைக் கழுவ நல்ல சாமான், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

தேங்காய் எண்ணெயைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது. மார்கழிக் காலையில் குளியலறை பாட்டிலுக்குள் வெள்ளையாக நிற்பதைப் பார்த்த யாரும் அதைக் கேபிளுக்குள் ஊற்ற மாட்டார்கள்.

என்ஜின் ஆயில் வலுவான போட்டியாளர். ஆயில் மாற்றும்போது கேனில் கொஞ்சம் மிஞ்சும், காசும் இல்லை. மேல்முனையைக் கழற்றி ஊற்றினால் தானாகவே கீழே இறங்கும், கம்பியை உருவ வேண்டியதில்லை. சோம்பேறிகளுக்கு ஏற்ற வழி என்பதால் நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். சிரிஞ்சில் எடுத்து ஐந்து மில்லி விட்டேன். இன்னும் நன்றாக ஓடட்டும் என்று மேலும் ஐந்து. ஒரு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு நாள் சிக்னலில் நிற்கிறேன், முள் பூஜ்யத்துக்கு இறங்காமல் இருபதில் உட்கார்ந்திருக்கிறது. வண்டியை எடுத்ததும் நாற்பதில் போகும்போதே அறுபது காட்டுகிறது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒடோமீட்டர் எண்களுக்குக் கீழே பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது.

முறுக்குக் கம்பி சுற்றும்போது கிணற்றிலிருந்து இறைப்பதுபோல ஆயிலை மேலே ஏற்றும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே காற்று மட்டும் இருக்க வேண்டிய இடுக்கில் ஆயில் நுழைந்துவிட்டால், காந்தம் சுற்றும்போது கிண்ணத்தை ஆயிலும் சேர்த்து இழுக்கும். முள் கூடுதலாகக் காட்டுவதும் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். பல மீட்டர்களில் முகப்பு வளையத்தை மடித்து அடைத்திருப்பதால் திறந்து துடைப்பதும் பெரும்பாடு. நான் புது மீட்டர்தான் வாங்கினேன்.

அதனால் என் ஓட்டு கிரீஸுக்கு. சாதாரண லித்தியம் கிரீஸ் போதும், வீல் பேரிங்குக்குப் போடுவதுதான். வேலை கொஞ்சம் அதிகம். கம்பியை முழுதாக உருவ வேண்டும். சில வண்டிகளில் மேலிருந்தே வந்துவிடும், சிலவற்றில் கீழ்முனையையும் கழற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால் கறுப்புப் பசையாக வரும். பிறகு கம்பியைத் தரையில் விரித்த செய்தித்தாளில் உருட்டிப் பாருங்கள். நெளிவு இருந்தால் ஓரிடத்தில் தத்தும், முள் ஆடுவதற்குக் காரணம் அந்த நெளிவுதான், எந்தக் கிரீஸும் அதைச் சரிசெய்யாது. கையில் இழை குத்தினால் கேபிளே முடிந்துபோயிற்று என்று அர்த்தம்.

நன்றாக இருந்தால் பட்டாணி அளவு கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக் கம்பியை உருவுங்கள். கம்பி பளபளக்க வேண்டும், அப்பிக்கொண்டு நிற்கக் கூடாது. மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பூசவே வேண்டாம். என்ஜின் ஆயில் எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது, கிரீஸும் அளவு மீறினால் மேலே ஏறத்தான் செய்யும். மாட்டும்போது சதுர முனை பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு நட்டை முடுக்குங்கள். பின்னால் ஒருவர் கேரியரை அழுத்திப் பிடிக்க, முன்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் முள் லேசாகத் துள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை செய்துவிட்டால் அடுத்த வருஷம் வரை எனக்குப் பிரச்சினை வந்ததில்லை. மழைத்தண்ணீர் முதலில் நுழைவது ஹப் பக்கத்து முனையில், அங்கே மட்டும் கொஞ்சம் தாராளமாக வைக்கலாம்.

கிரீஸ் தோற்கும் இடம் மீட்டர் கழுத்து. அந்த புஷ் கத்தினால் மெல்லிய எண்ணெய்தான் உள்ளே இறங்கும், தையல் மெஷின் எண்ணெய். மீட்டரைக் கழற்றிக் கவிழ்த்து, ஊசிமுனையில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்குக் கை போனால் என் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

புது கேபிள் வாங்கிப் போட்டால் இந்த வம்பே இல்லையே என்பார்கள். ஒரு டேங்க் பெட்ரோல் விலைகூட ஆகாது, உண்மைதான். ஆனால் நான் கடைசியாக வாங்கியதை உருவிப் பார்த்தபோது கீழ்முனையில் நாலு விரல்கடை தவிர மற்றதெல்லாம் உலர்ந்துபோய்த்தான் இருந்தது. அதற்கும் கிரீஸ் பூசித்தான் மாட்டினேன். கடைக்குப் போகும்போது பழைய கேபிளையும் எடுத்துப் போங்கள். நீளம் குறைந்தால் ஹேண்டிலை ஒடிக்கும்போது இழுத்துக்கொள்ளும், கூடினால் வளைந்து நெளிந்து மறுபடியும் கத்தும்.