பழைய கடல்நீர்த் தொட்டி வாங்குவோர் கவனத்திற்கு: செம்பு மருந்து ஊற்றியதை மறைத்து விற்கிறார்கள்

கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்பும் பலர், புதிய கருவிகளின் விலையைக் கேட்டபின், வேறொருவர் பயன்படுத்திய தொட்டியை எல்லாச் சாமான்களுடனும் மொத்தமாக வாங்குவதே மேல் என்ற முடிவுக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் தொட்டி, சம்ப் (வடிகட்டும் கருவிகள் வைக்கும் துணைத் தொட்டி), புரோட்டீன் ஸ்கிம்மர் (நுரையாக்கிக் கழிவை நீக்கும் கருவி), பம்ப், ஹீட்டர், லைவ் ராக் கற்கள் (நன்மை தரும் நுண்ணுயிர்கள் வாழும் கடற்கற்கள்) அனைத்தையும் ஒரே ஆளிடம் வாங்கினேன். பணம் கொடுக்கும் முன்பே, இந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றியதுண்டா என்று கேட்டேன். பவளம் வளர்த்த தொட்டி, மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். அது பொய்.

கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு நல்ல மருந்துதான். ஆனால் மீன் தாங்கிக்கொள்ளும் அளவைப் பவளமோ இறாலோ நத்தையோ தாங்குவதில்லை. மருந்து ஊற்றும் வேளையில் அதன் ஒரு பகுதி சுண்ணாம்புக் கற்களிலும் பவள மணலிலும் படிந்துவிடுகிறது. தண்ணீரை முழுவதும் மாற்றிவிட்டாலும், படிந்தது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளிவரக்கூடும். அதனால்தான் மருந்து கண்ட கல்லைப் பவளத் தொட்டியில் போடக் கூடாது என்கிறார்கள்.

என் தொட்டியில், கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. உப்பின் அளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பநிலை 25 டிகிரி என எல்லாம் சரியாகவே இருந்தன. மீன்கள் நன்றாக இரை எடுத்தன. நத்தைகள் மட்டும் கண்ணாடியில் ஏறாமல் அடியில் கவிழ்ந்து கிடந்தன. இறால்கள் தோல் உரித்த கையோடு செத்தன. மீன் நலமாக இருக்க, முதுகெலும்பில்லாத உயிர்கள் மட்டும் சாவதைக் கண்டால் முதலில் செம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். புதிதாகக் கலக்கிய உப்புநீரை இரண்டு சுத்தமான பிளாஸ்டிக் வாளிகளில் எடுத்து, ஒன்றில் மட்டும் அவரிடம் வாங்கிய கல் ஒன்றைப் போட்டு, சில நாள் கழித்துச் செம்புச் சோதனை செய்தேன். கல் இல்லாத வாளியின் நீரில் நிறம் மாறவில்லை. கல் கிடந்த நீரில் தெளிவாக மாறியது. சோதனையைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிக் கேட்டதும், உங்கள் குழாய்த் தண்ணீரில் செம்பு இருந்திருக்கும் என்று முதலில் சொன்னார். கல் இல்லாத வாளியிலும் அதே தண்ணீர்தானே என்று கேட்டேன். அதன் பிறகு பதிலே இல்லை. அந்த உயிர்கள் வீணாகச் செத்தன என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு வலிக்கிறது.

பம்பிலும் இதே கதைதான். அதிகம் ஓடாதது என்று சொல்லி விற்றார். உள்ளே சுழலும், காந்தம் பொருத்திய இறக்கையான இம்பெல்லரை வெளியே இழுத்துப் பார்த்தால், காந்தத்தின் மேலுறை விரிசல் விட்டு உப்பியிருந்தது. விரிசலில் பழுப்புத் துரு கசிந்திருந்தது. அந்தத் துருவும் தொட்டி நீரில்தான் கலக்கும். வாங்கும்போதே இம்பெல்லரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

பழையதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்கிம்மரின் அக்ரிலிக் உடலில் விரிசல் இல்லையென்றால் தாராளமாக வாங்கலாம். உள்ளே படிந்த சுண்ணாம்பு வினிகரில் ஊறினால் போய்விடும். சம்ப், தாங்கு மேசை போன்றவையும் அப்படியே. கண்ணாடித் தொட்டியென்றால் மூலைகளில் சிலிக்கான் உரிந்திருக்கிறதா, குமிழி விட்டிருக்கிறதா என்று பார்த்து, சமதளத்தில் வைத்து நீர் நிரப்பி ஓரிரு நாள் விட்டுப் பார்ப்பது அவசியம். ஹீட்டரை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்: வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் அது அணையவே அணையாது, ஒரே இரவில் தொட்டி முழுவதையும் வேகவைத்துவிடும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெம்பிரேனும் கிருமிகளைக் கொல்லும் புற ஊதா விளக்கும் தேய்ந்துபோகும் பொருள்கள். அவற்றுக்குப் பழைய விலைகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

கல்லும் மணலும் பழையதாக வந்தால், விற்பவர் எவ்வளவு நம்பிக்கையாகப் பேசினாலும், மருந்து ஊற்றவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கல்லை மட்டும் கேட்டு வாங்கி, மேலே சொன்ன இரண்டு வாளிச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு கல்லைக்கூடக் கொடுக்க மறுப்பவரிடம் மற்றச் சாமான்களையும் வாங்காதீர்கள்.