டுமகெட்டேயா, டக்பிலாரனா?

பிலிப்பைன்ஸின் விசயாஸ் தீவுகளில் இரண்டுமே கடலோர மாகாணத் தலைநகரங்கள். இடையே விரைவுப் படகில் சுமார் 2 மணி நேரம்தான்.

டக்பிலாரன், போஹோல் தீவின் வாசல். 1565-இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியும் உள்ளூர்த் தலைவர் சிகாத்துனாவும் ரத்தம் கலந்து குடித்து நட்பு பூண்டதன் நினைவுச்சின்னம் இங்கே உண்டு. ஆனாலும் பலர் சாக்லேட் மலைகளுக்கோ பங்லாவோ கடற்கரைக்கோ போகிற அவசரத்தில் ஊரைக் கடந்துவிடுகிறார்கள்.

டுமகெட்டேயில் தங்கத் தோன்றும். 1901-இல் தொடங்கிய சில்லிமான் பல்கலைக்கழகத்தால் ஊரெங்கும் மாணவர்கள். சாயங்காலமானால் ரிசால் கடற்கரைச் சாலையில் காலாற நடக்கலாம். அப்புறம், ஆப்போ தீவு! சில்லிமான் உயிரியலாளர்களும் மீனவர்களும் சேர்ந்து அங்கே மீன்பிடிக்கத் தடையுள்ள பகுதியை உருவாக்கினார்கள், மீன்வளம் பெருகியது. அதற்காகவே என் தேர்வு டுமகெட்டே.